பகுத்தறிவு வழியே பேரன்பு: பாவா முஹையத்தீனின் சூஃபி போதனை

மனிதனுக்கு ஆறு அறிவு, ஆறாவது பகுத்தறிவு என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் அந்தச் சொல் கடவுள் மறுப்போடு சேர்ந்து வளர்ந்ததால், காதில் விழுந்ததும் கறுப்புச் சட்டைதான் நினைவுக்கு வரும். 1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கட்டிலில் அமர்ந்தபடி ஒரு முதியவர் இதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த அமெரிக்க இளைஞர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் சில வாக்கியங்கள் பேசி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு பேச்சு தொடரும். அவர் சொன்ன பகுத்தறிவு, இறைவனையும் இறைவன் அல்லாததையும் பிரித்துப் பார்க்கும் அறிவு. அது விழிக்காத வரை ஒருவன் அன்பு என்று எதைச் சொன்னாலும் அது அன்பு ஆகாது என்பது அவர் போதனையின் நடுத்தண்டு.

அவர்தான் முஹம்மது ரஹீம் பாவா முஹையத்தீன், ஒரு சூஃபி, அதாவது இஸ்லாமிய மெய்ஞ்ஞானி. வயது யாருக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே அவரைச் சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1940களின் தொடக்கத்தில் இலங்கையில் கதிர்காமம் போன யாத்திரிகர்கள் காட்டோரத்தில் அவரைக் கண்டு, தங்கள் ஊருக்கு வரும்படி அழைத்தார்கள் என்பதிலிருந்துதான் அவருடைய வரலாறு தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரமம் உருவானது. நோயாளிகள் வந்தார்கள், பசித்தவர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி சைவத் தமிழர்கள். அவர்களுக்கு அவர் ‘சுவாமி’. 1960களில் கொழும்பில் செரண்டிப் சூஃபி ஸ்டடி சர்க்கிள் என்ற அமைப்பு அவரைச் சுற்றி அமைந்தது. அங்கே வந்த முஸ்லிம்களுக்கு அவர் ‘பாவா’. 1971 அக்டோபரில் பிலடெல்பியா போனார். அங்கே தொடங்கிய அமைப்பு முதலில் ‘குரு பாவா ஃபெலோஷிப்’ என்றும், பின்னர் ‘பாவா முஹையத்தீன் ஃபெலோஷிப்’ என்றும் பெயர் பெற்றது. 1986 டிசம்பர் 8 அன்று அவர் மறைந்தார்.

முஹையத்தீன் என்றால் மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானிக்கு உரிய பட்டம் அது. முஹையத்தீன் ஆண்டவர் பெயரில் மவ்லிது என்னும் புகழ்மாலை ஓதுவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ தலைமுறைப் பழக்கம். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர் மேல் சதகமே பாடியிருக்கிறார். ஆகவே பாவாவின் பேச்சில் அரபுச் சொல்லும் சித்தர் சொல்லும் அடுத்தடுத்து வருவதைக் கேட்டு, இரண்டு மதங்களை ஒருவர் புதிதாகக் கலந்துவிட்டார் என்று நினைப்பது சரியில்லை. தக்கலை பீர் முஹம்மது அப்பா காலத்திலிருந்தே தமிழ் சூஃபிகள் பேசிவந்த மொழி அது. அமெரிக்காவுக்கு அது புதியதாக இருந்தது.

இனி அந்த அறிவுக் கணக்கு. பாவா சொல்வது ஏழு படி: உணர்வு, உணர்ச்சி, புத்தி, மதி, அறிவு, பகுத்தறிவு, பேரறிவு. நாம் படித்ததுபோல அவரிடமும் பகுத்தறிவுதான் ஆறாவது. அதற்கு அவர் தரும் அரபுப் பெயர் குத்பிய்யத்து. அதற்கு மேல் ஏழாவதாகப் பேரறிவை வைக்கிறார். அதை நூர் என்னும் ஒளியோடு சேர்த்துச் சொல்கிறார். ஏழையும் ஒப்புவிப்பது எளிது. ஒரே ஒரு செயலில் ஏழும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்காக நாமே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் பசியோடு ஒருவர் நிற்கிறார். அவர் நிற்பது தெரிவது உணர்வு. ஐயோ என்று நெஞ்சு அசைவது உணர்ச்சி. இவர் யார், நம் ஆளா, கொடுத்தால் நாளையும் வருவாரோ என்று கேட்பது புத்தி. வீட்டில் எவ்வளவு சோறு இருக்கிறது, எவ்வளவு தரலாம் என்று நிறுப்பது மதி. அவருக்கு இப்போது வேண்டியது சோறு, புத்திமதி அல்ல என்று தெளிவது அறிவு. இத்தனையும் முடிந்து சோறு போட்டாயிற்று. போட்ட கையோடு ‘நான் போட்டேன்’ என்று உள்ளே ஒன்று எழுந்து நிற்கிறதே, அதைப் பிடித்துத் தனியே பிரித்து வைப்பதுதான் பகுத்தறிவின் வேலை. பசி அவருடையது, சோறு இறைவனுடையது, கை மட்டும் இங்கே இருந்தது என்று அது பகுத்துக் காட்டுகிறது. பேரறிவு வந்த இடத்தில் கொடுத்தவர், வாங்கியவர் என்ற இரண்டே கிடையாது.

இந்தப் போதனையில் இறையன்பு ஏன் மயக்கமாகப் பேசப்படுவதில்லை என்பது இங்கே விளங்கும். பாரசீக சூஃபிக் கவிதைகளை மட்டும் படித்துப் பழகியவர்களுக்கு மது, காதலி, பித்து என்றுதான் இறைக்காதல் அறிமுகமாகியிருக்கும். பாவாவிடம் அந்தப் பித்து குறைவு, களையெடுப்பு அதிகம். அவரே நிலத்தில் இறங்கி வேலை செய்தவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அரபியில் அன்பைக் குறிக்கும் ஹுப்பு, மஹப்பத்து ஆகிய சொற்களை விதையைக் குறிக்கும் ஹப்பு என்ற சொல்லோடு சேர்த்து விளக்குவது பழைய சூஃபி நூல்களிலேயே உண்டு. விதை ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது, அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அதன் மேல் கிடக்கும் மண்கட்டியையும் பக்கத்தில் முளைத்த புல்லையும் அகற்ற வேண்டும்.

அந்தக் களைகளுக்கு அவர் வைக்கும் பெயர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஆணவம், கன்மம், மாயை என்பது சைவ சித்தாந்தத்தின் மும்மலம். யாழ்ப்பாணத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பரம்பரையாகக் கேட்டு வளர்ந்த சொற்கள். காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என்ற ஆறும் அப்படியே. மனத்தைக் குரங்கு என்பார், ஆசையை நாய் என்பார். நாய் படத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிடைத்ததை எல்லாம் முகர்கிறது. ஒன்றைத் தின்னும்போதே அடுத்ததைத் தேடுகிறது. எஜமான் அதட்டினால் வாலாட்டுகிறது. அன்பும் ஆசையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் இன்னொருவரை நோக்கித்தான் போகின்றன. வேறுபாடு திரும்பி வரும்போது தெரியும். ஆசை ஏதாவது ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு திரும்பும்: புகழ், நன்றி, உரிமை, குறைந்தது ஒரு நல்ல வார்த்தை. அன்பு வெறுங்கையோடு திரும்பும். பிள்ளை மேல் தாய்க்கு உள்ள பாசத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்கிறது இந்த வழி. கேட்கக் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாசத்தை அது கெட்டது என்று தள்ளவில்லை. ‘என் பிள்ளை’ என்பதில் உள்ள ‘என்’ கரைந்தால், அதே பாசம் எல்லாப் பிள்ளைகள் மேலும் பரவும் அன்பாகிவிடும் என்பதே சொல்லவருவது.

நல்ல குணங்களுக்கு மட்டும் அவர் அரபுச் சொற்களையே கையாளுகிறார். சபூர், ஷுக்கூர், தவக்குல், அல்ஹம்துலில்லாஹ் என்ற நான்கும் சேர்ந்துதான் ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின் செல்வம். இவற்றில் ஒரு வரிசை உண்டு. துன்பம் வந்தால் முதலில் சபூர், அதாவது உள்ளப் பொறுமை. பொறுமை தீரும் இடம் ஒன்று வரும். அங்கே ஷுக்கூர், இருப்பதில் நிறைவு. அதுவும் போதாத இடத்தில் தவக்குல், பொறுப்பை இறைவனிடம் விட்டுவிடுவது. கடைசியில் என்ன நடந்தாலும் புகழ் அவனுக்கே. பலர் தவறுவது வரிசையைத் தாண்டுவதில்தான். எடுத்த எடுப்பிலேயே ‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று தவக்குலுக்குப் போய்விடுகிறார்கள். பொறுமையோடு செய்யவேண்டிய வேலை அங்கே அப்படியே கிடக்கிறது. அதற்கு நம் ஊரில் சோம்பல் என்று பெயர்.

இனி திக்ரு, அதாவது இறைவனை இடைவிடாமல் நினைவுகூர்வது. அன்பைப் பேசிக்கொண்டே இருந்தால் போதாது, அது மூச்சில் இறங்க வேண்டும் என்பதற்காக வைத்த பயிற்சி. இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவின் முதல் பகுதியை இரண்டாக்குகிறார்கள். ‘லா இலாஹ’ என்னும்போது மூச்சு இடது நாசி வழியே வெளியேறுகிறது. ‘இல்லல்லாஹு’ என்னும்போது வலது நாசி வழியே உள்ளே வந்து நெஞ்சில் தங்குகிறது. முன்னதன் கருத்து, உன்னையன்றி எதுவும் இல்லை. பின்னதன் கருத்து, நீயே அல்லாஹ். இல்லாததை எல்லாம் வெளிமூச்சில் விட்டு, உள்ளதை மட்டும் உள்மூச்சில் வாங்குவது. பகுத்தறிவு சிந்தனையில் செய்யும் அதே வேலையைத்தான் இங்கே மூச்சு செய்கிறது.

ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 43,242 என்று பாவா ஒரு கணக்குச் சொல்வார். அத்தனையும் திக்ராக வேண்டும் என்பது இலக்கு. தமிழ் யோக நூல்களில் பழகியவர்களுக்கு 21,600 என்ற எண் தெரிந்திருக்கும். 43,242இல் பாதி 21,621. வெளிமூச்சையும் உள்மூச்சையும் தனித்தனியே எண்ணினால் இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. ஒரு நாளில் 86,400 விநாடி. ஆக விடுவதற்கு இரண்டு விநாடி, வாங்குவதற்கு இரண்டு விநாடி. அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் இயல்பான மூச்சு கிட்டத்தட்ட இந்த வேகத்தில்தான் ஓடுகிறது. எண் பெரியதாகத் தெரிந்தாலும் அது கேட்பது கூடுதல் மூச்சை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் மூச்சில் மறதி இல்லாமல் இருப்பதை.

தொடக்கத்தில் இங்கேதான் கோளாறு வருகிறது. எண்ணிக்கையைத் துரத்துகிறவர்கள் மூச்சை வேகப்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதடும் விரல் நுனியும் மரத்துப் போகும், தலை லேசாகும், கண்ணில் பூச்சி பறக்கும். அதை ஒளி தரிசனம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அது உடம்பின் முறையீடு. உடனே நிறுத்திவிட்டு, எதையும் சொல்லாமல் சும்மா மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இதய நோயோ வலிப்போ உள்ளவர்கள் மூச்சுப் பயிற்சியில் இறங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இடது, வலது என்று நாசியைப் பிரிப்பதும் முதல் நாளே வராது. மூக்கைச் சுளித்து இழுத்துக் கட்டாயப்படுத்தினால் நெற்றி வலிதான் மிச்சம். கருத்தை மட்டும் அந்தப் பக்கம் வைத்தால் போதும். மூச்சு எந்த நாசியில் ஓடினாலும் ஓடட்டும். நேரம் வைகறைக்கு முன். பிலடெல்பியாவிலும் பஜ்ரு என்னும் வைகறைத் தொழுகைக்கு முன்னதாகவே கூடி திக்ரு செய்கிறார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். புதிதாக வருபவருக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் பெரும்பாலும் தூக்கம், இல்லாவிட்டால் நாள்பட்ட கவலைகள்.

திக்ரு முடிந்து எழுந்தவர் அடுத்துப் போகும் இடம் சமையலறை. யாழ்ப்பாணத்திலும் சரி, பிலடெல்பியாவிலும் சரி, பாவா பெரிய பாத்திரங்களில் தாமே சமைத்துப் போட்டவர். இறைச்சி கிடையாது, மரக்கறிச் சமையல்தான். உயிரைக் கொன்று தின்றால் அந்த உயிரின் குணமும் உள்ளே வந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சமையல் குறிப்புகள்கூட அவர் பெயரில் நூலாக வந்திருக்கின்றன. நூறு பேருக்குச் சமைக்கும் இடத்தில் அன்பு என்ற சொல்லுக்கு அலங்காரமே தங்காது. உப்பு கூடினால் எல்லோருக்கும் கூடும். நேரம் தவறினால் குழந்தைகளும் முதியவர்களும் பசியோடு காத்திருப்பார்கள். ‘பிறர் பசியைத் தன் பசியாக உணர்வது’ என்று பேச்சில் சொன்னது, இங்கே அரிசி அளக்கும்போது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். இந்த மரபில் வேறு எந்தப் பாடத்தையும்விட இதை நாம் மேலாக மதிக்கிறோம்.

இது ஒரு தரீக்காவா, அதாவது குருவழி வரும் சூஃபி நெறியா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வழக்கமான தரீக்காவில் குருபரம்பரைச் சங்கிலியான சில்சிலா இருக்கும், கைப்பிடித்து உறுதி கொடுக்கும் பைஅத்து இருக்கும், ஷெய்கு என்னும் குரு மறையும் முன் தம் வாரிசாகக் கலீஃபாவை நியமிப்பார். இங்கே ஜீலானியின் பெயரும் அவர் வழிவந்த காதிரிய்யா தரீக்காவின் வாசனையும் ஆழமாக இருக்கின்றன, பிலடெல்பியாவில் ஆண்டுதோறும் மவ்லிது ஓதுகிறார்கள். ஆனால் தமக்குப் பின் இன்னார்தான் ஷெய்கு என்று பாவா யாரையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அமைப்பை நிர்வாகக் குழு நடத்துகிறது, பள்ளிவாசலில் இமாம்கள் தொழவைக்கிறார்கள், போதனைக்கு ஒலிநாடாக்களும் காணொளிகளும் இருக்கின்றன. குரு ஒருவரின் முகம் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு இது எளிதான ஏற்பாடு இல்லை. தனிமனிதரைச் சுற்றிப் பிளவுபட்ட எத்தனையோ இயக்கங்களைப் பார்த்த பின், அவர் வேண்டுமென்றே இப்படி விட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

உள்ளே நெடுநாள் நீடித்த கேள்வி வேறொன்று. 1970களில் வந்த அமெரிக்கர்களில் பலர் மதம் வேண்டாம் என்று கிளம்பி வந்தவர்கள். யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் வீடுகளில் பிறந்த அவர்களுக்கு ஞானம் வேண்டியிருந்தது, சடங்கு வேண்டியிருக்கவில்லை. பாவாவும் தொடக்க ஆண்டுகளில் தொழுகையை முன்னிறுத்தவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஐவேளைத் தொழுகை நடைமுறைக்கு வந்தது. 1984 மே மாதத்தில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் அவருடைய சீடர்களே. சிலர் முழுமனதோடு முஸ்லிம்களாகத் தொழத் தொடங்கினார்கள், சிலர் திக்ரோடு நின்றுகொண்டார்கள், சிலர் விலகினார்கள். அவருடைய படிமுறையை வைத்துப் பார்த்தால் இதில் முரண் இல்லை. ஷரீஅத்து, தரீக்கத்து, ஹகீக்கத்து, மஃரிபத்து என்று நான்கு படி சொல்லி, அவற்றைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவம் சொல்லும் நான்கோடு பொருத்திக் காட்டியவர் அவர். ஐந்தாவதாக சூஃபிய்யத்தை வைத்தார். மேல் படியைக் காட்டிக் கூட்டி வந்தவர்களை, பிறகு கீழ்ப்படியிலும் காலூன்றச் சொன்னார். ஏறும் வரிசை தலைகீழாக அமைந்ததால் பலருக்குத் தடுமாற்றம் வந்தது.

இன்று இந்த மரபுக்கு மூன்று நான்கு இடங்கள். பென்சில்வேனியாவில் கோட்ஸ்வில் அருகே, விளைநிலத்தின் நடுவே வெள்ளைக் குவிமாடத்தோடு அவருடைய மஸார், அதாவது அடக்கத்தலம், இருக்கிறது. பல நாட்டு முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதவர்களும் வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவகத்தில், மண்கும்பானில் 1950களில் தொடங்கி 1975இல் திறக்கப்பட்ட இறை இல்லம் இருக்கிறது. அது ஈசா நபியின் (இயேசுவின்) தாயார் மர்யம் நினைவோடு சேர்ந்தது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பின்னும் யாழ்ப்பாண ஆசிரமத்தைக் காத்து விளக்கேற்றி வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துத் தமிழர்கள். ஒரு சூஃபியின் அன்பைப் பற்றி ஆராய வருபவர்கள் உரைகளைத் தேடிப் போவதற்கு முன் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரைகளுக்கு வருவோம். அச்சில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலம். பேசியது தமிழ்; உடனிருந்து பெயர்த்தது ஒருவர்; நாடாவைக் கேட்டு மறுபடி பெயர்த்துச் செப்பனிட்டது வேறு சிலர். அந்த உழைப்பு மிகப் பெரியது. ஆனால் அன்பு, பாசம், பற்று, நேசம், காதல் என்று தமிழ் பிரித்து வைத்திருக்கும் பலவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் கிடைக்கிறது. அன்புக்கும் பற்றுக்கும் நடுவே கோடு போடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு போதனைக்கு இது பெரிய இழப்பு. பகுத்தறிவு என்பதை ‘டிவைன் அனலிட்டிக் விஸ்டம்’ என்று மூன்று சொல்லாக்கியிருக்கிறார்கள். பொருள் வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து அதன் கூரையை உயர்த்தினார் என்ற உண்மை வரவில்லை.

எதிர்த்திசையில் ஒன்று நடந்திருப்பதும் உண்டு. பாவாவுக்கு ஆங்கிலம் சில சொற்களே தெரியும். உரையைத் தொடங்கும்போது அவர் வழக்கமாகச் சொல்வது ‘மை லவ் யூ’. மை சில்ட்ரன், மை கிராண்ட்சில்ட்ரன் என்று அது தொடரும். ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு அது வினைச்சொல் இல்லாத பிழை வாக்கியம். இலக்கணம் தெரியாத கிழவரின் மழலை என்று அமெரிக்கர்கள் அதை அன்போடு எடுத்துக்கொண்டார்கள். தமிழில் போட்டுப் பாருங்கள்: என் அன்பு, நீங்கள். நமக்கு அங்கே வினைச்சொல்லே தேவையில்லை. ‘நான் உங்களை நேசிக்கிறேன்’ என்ற வாக்கியத்தில் நேசிக்க ஒரு நான் இருக்கிறது, நேசம் வாங்க ஒரு நீங்கள் இருக்கிறது. ‘என் அன்பு நீங்கள்’ என்பதில் அன்பும் எதிரே இருப்பவரும் ஒன்று.